துடைத்த பலகையைத் துடைத்தவர்

அந்த டீச்சருக்குக் கரும்பலகை துடைக்க நெடுநேரம் ஆகும். பலகையில் ஒன்றும் எழுதியிருக்காது, அப்போதும் ஆகும். வகுப்பைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். கேட்ட உடனே முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். துணியை எடுத்து, மேல் மூலையில் ஆரம்பித்து, பண்டிகைக்கு முன்னால் வீட்டில் சாமி படம் துடைப்பதுபோல ஓரம் ஓரமாகத் துடைத்துக்கொண்டே போவார். அவர் கீழ் மூலைக்கு வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் சிலேட்டில் பதில் எழுதிக் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். "தூக்கு" என்பார். எல்லாச் சிலேட்டும் ஒரே நேரத்தில் மேலே வரும்.

எங்கள் சமையல் கொட்டகையின் ஜன்னலுக்கு நேர் எதிரே ஐந்தாம் வகுப்பின் பின் ஜன்னல். கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்போம். "இந்தம்மா துடைச்சே சம்பளம் வாங்குது பாரு" என்பார் சமையல்கார அம்மா. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அவர் ஏன் முதுகைக் காட்டுகிறார் என்று எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது. டீச்சர் பார்த்துக்கொண்டு நின்றால் தெரிந்தவன் கையைத் தூக்குவான். தெரியாதவன் தரையைப் பார்ப்பான். ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். அதற்கப்புறம் யோசிக்க யாருக்கும் அவசியம் இருக்காது. அவர் திரும்பி நின்றால் கை தூக்கியும் பயனில்லை, தலை குனிந்தும் பயனில்லை. யோசிக்கத்தான் வேண்டும். மெதுவாக யோசிக்கிற பிள்ளைகளுக்காகத்தான் அந்தப் பலகை அவ்வளவு நேரம் துடைக்கப்பட்டது.

நான் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் சத்துணவு உதவியாளர். பத்தாவது வரை படித்தேன். அதிகம் பேச மாட்டேன். பேச வேண்டிய இடத்தில் முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்பேன். பிள்ளைகளுக்கு நான் ஆயாம்மா. அந்த டீச்சர் மட்டும் என்னை அக்கா என்று கூப்பிட்டார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். தென்னேரிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். எங்கள் பள்ளியில் இருந்தது இரண்டே வருடம்.

அவரை எல்லோருக்கும் பிடித்தது என்று சொன்னால் அது பொய். யாரையும் மெச்ச மாட்டார். நன்றாகப் போட்ட கணக்கைப் பார்த்தாலும் "ம், அடுத்தது" என்பார், அவ்வளவுதான். முன்தலையில் எப்போதும் சாக்பீஸ் தூள் இருக்கும். பதிவேடுகள் ஒரு வாரம் பின்தங்கியே கிடக்கும். தலைமையாசிரியரை நாங்கள் பெரிய சார் என்போம். அவரிடம் இதற்காகவே வாரம் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொள்வார். பெற்றவர்கள் வந்து "இவன் மக்கு டீச்சர்" என்றால், ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டார். "எதுல?" என்று கேட்பார். அந்த ஒரு வார்த்தைதான். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பார். "எதுலன்னா... எல்லாத்துலயுந்தான்" என்று இழுப்பார்கள். "எல்லாத்துலயும்னா சொல்லுங்க, ஒண்ணொண்ணா எழுதிக்கறேன்" என்று பேனாவைத் திறப்பார். பெற்றவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அவர் வருவதற்கு முன்பு ஐந்தாம் வகுப்பில் மூன்று வரிசை இருந்தது. நன்றாகப் படிப்பவர்கள் முன்னால், சுமாரானவர்கள் நடுவில், மற்றவர்கள் சுவரோரம். பிள்ளைகளே பெயரும் வைத்திருந்தார்கள்: எக்ஸ்பிரஸ், பாசஞ்சர், கூட்ஸ். மைதானத்தில் சண்டை வந்தால் "போடா கூட்ஸு" என்பதுதான் பெரிய வசவு. அவர் வந்த முதல் நாளே அது அவர் காதில் விழுந்தது. திட்டவில்லை. கூட்ஸ் வண்டியில் என்னென்ன வரும் என்று கேட்டார். அரிசி, சிமெண்ட், உரம் என்று சொன்னார்கள். அது ஒரு மாதம் வராவிட்டால் என்ன ஆகும் என்றார். சோறு இருக்காது என்றான் ஒருவன். எக்ஸ்பிரஸ் வராவிட்டால் என்றார். "பஸ்ல போவாங்க டீச்சர்" என்றது சுவரோரத்திலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அந்த வசவு யாருக்கும் வலிக்கவில்லை. வலிக்காத வசவை யாரும் சொல்லவுமில்லை. மறுநாள் வரிசையைக் கலைத்துவிட்டார்.

பாடம் எதுவானாலும் பலகையில் மூன்று கேள்வி எழுதுவார். முதல் கேள்விக்குப் பெயர் வாசல். அடுத்தது கூடம். கடைசி மாடி. வாசல் எல்லோருக்கும் எட்டும். கூடம் கொஞ்சம் முயன்றால் எட்டும். மாடிக்கு ஏறுகிறவர்கள் மூச்சு வாங்குவார்கள். எதுவரை போவது என்பது அவரவர் விருப்பம். ஆனால் வாசலுக்குள் வராமல் இருக்க முடியாது. "தெருவுல யாரும் நிக்கக் கூடாது" என்பார். உள்ளே வந்தவர்களை விரட்ட மாட்டார். ஆனால் நேற்று வாசலில் நின்ற பிள்ளை இன்றும் அங்கேயே நின்றால் அருகில் போய், "கூடத்துல ஃபேன் ஓடுது, வா" என்பார்.

மாடி ஏறி முடித்தவர்களைச் சும்மா உட்கார விட மாட்டார். அவர்களுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று வைத்திருந்தார். அதே பாடத்தில் இன்னொரு பிள்ளைக்கு ஒரு வாசல் கேள்வி தயார் செய்ய வேண்டும். விக்னேஷ் என்று ஒரு பையன், கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் விடை வைத்திருப்பான். அவன் இந்த வேலைக்குத்தான் வியர்த்துப் போவான். அவனுடைய அப்பா பட்டுப் புடவைக் கடைகளுக்கு வாங்க வருகிற ஆட்களைப் பிடித்துத் தருபவர். ஒரு நாள் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, மற்ற பிள்ளைகளுக்கு வாத்தியார் வேலை பார்க்கவா நான் என் பிள்ளையை அனுப்புகிறேன் என்று சத்தம் போட்டார். டீச்சர் அவர் கையில் சாக்பீஸைக் கொடுத்தார்.

"பின்னத்துல ஒரு வாசல் கேள்வி எழுதுங்க சார். எழுத்துக் கூட்டிப் படிக்கற புள்ளையும் போடணும், ஆனா பின்னம்னா இன்னான்னு அதுல இருந்தே அதுக்குப் புரியணும்."

அவர் எழுதினார், அழித்தார். மறுபடி எழுதி அழித்தார். பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் கையைத் தட்டிக்கொண்டு, "கஷ்டமாத்தான் கீது டீச்சர்" என்றார்.

"உங்க பையன் தினம் ரெண்டு எழுதறான் சார்."

போகும்போது அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பவில்லை. தள்ளிக்கொண்டே வாசல் வரை போனார்.

டிபன் பாத்திரம் கழுவ கொட்டகைப் பக்கம் வரும்போது மட்டும்தான் அவர் தன்னைப் பற்றி ஏதாவது சொல்வார். வேகமாகப் படிக்கிற பிள்ளைகள்மேல் ஏன் இவ்வளவு அக்கறை என்று ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டேன். அதுவரை மெதுவாகப் படிப்பவர்கள்மேல்தான் அவருக்கு அக்கறை என்று நினைத்திருந்தேன்.

"படிக்கற காலத்துல நான் சீக்கிரம் முடிச்சிடுவேன் அக்கா. முடிச்சிட்டு கைய கட்டிக்கினு உக்காருன்னுவாங்க. அப்படி உக்காந்தே அஞ்சு வருஷம் போச்சு" என்றார். கழுவின பாத்திரத்தை மறுபடியும் கழுவினார்.

இனி மோனிஷா.

மோனிஷாவைப் படிக்கச் சொன்னால் உதடு அசையும், சத்தம் வராது. அப்பா அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்பவர். அம்மா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேனில் போய்வருபவர். ஐந்தாம் வகுப்பு தொடங்கிய முதல் வாரமே அந்த அம்மா பள்ளிக்கு வந்தார். வேன் வந்துவிடும் என்று வாசலையே பார்த்துக்கொண்டு, கொட்டகைக்கு முன்னால் நின்றபடி பேசினார்.

"இதுக்குப் படிப்பு ஏறல டீச்சர். அஞ்சாவது முடிஞ்சா போதும். தாமல்ல எங்க அக்கா வூட்ல உட்டுடறேன். அங்க கைக்கொழந்த கீது, பார்த்துக்கினு இருக்கட்டும்."

"முழுப் பரீட்சை வரைக்கும் எனக்கு டைம் குடுமா."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நீ சொல்றதுதான்."

மோனிஷா அம்மாவின் பின்னால் நின்று சுவரை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் ஆறாம் வகுப்புக்குப் போவாளா, தாமலில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரிவாளா என்பதற்குப் பத்து மாதம் தவணை. எங்கள் கண் முன்னால்தான் அது பேசி முடிவானது.

மறுநாள் டீச்சர் அவளிடம் ஒரு வேலை கொடுத்தார். தினமும் காலை பத்து மணிக்கு ஒவ்வொரு வகுப்பிலிருந்தும், இன்று எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று கொட்டகைக்குச் சீட்டு வரும். எங்கள் சத்துணவு அமைப்பாளர் இரண்டு பள்ளிகளைச் சேர்த்துப் பார்ப்பவர், பாதி நாள் இருக்க மாட்டார். சீட்டைப் பார்த்து நான்தான் அரிசி அளப்பேன். ஆளுக்கு நூறு கிராம். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். மற்ற வகுப்புகளில் டீச்சர்களே சீட்டு எழுதினார்கள். ஐந்தாம் வகுப்பில் மட்டும் பிள்ளைகள் எழுத வேண்டும். மோனிஷா தலை எண்ணி எழுத வேண்டும். இன்னொருத்தி முட்டையையும் பழத்தையும் பிரிக்க வேண்டும். ஒருவன் அரிசிக் கணக்குப் போட வேண்டும். விக்னேஷ் சரிபார்க்க வேண்டும். பிறகு மோனிஷா கொண்டுவந்து கொடுப்பாள். ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு பிள்ளைகளின் கை இருக்கும்.

மோனிஷா முப்பத்திரண்டு என்று எண்ணிவிட்டு இருபத்துமூன்று என்று எழுதுவாள். இரண்டும் மூன்றும் அவளுக்கு இடம் மாறிவிடும். பின்னால் வரும் மூன்று பேரும் அந்த எண்ணை வைத்தே தங்கள் கணக்கைப் போட்டுவிடுவார்கள். எனக்கு ஜன்னலில் எட்டிப் பார்த்தாலே தெரியும். பாவமாக இருக்கும். பென்சிலால் மெல்லத் திருத்தி, சரியாக அளந்து, சீட்டைக் கம்பியில் குத்தி வைத்துவிடுவேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, பாத்திரம் கழுவ வந்த டீச்சர் கம்பியில் இருந்த சீட்டுகளைப் புரட்டினார்.

"இது யார் கை அக்கா?"

நான் முந்தானையைத் திருகினேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க திருத்திடறீங்க, சோறு சரியா வந்துடுது. தான் எழுதறது சரின்னே அவ நெனச்சுக்கினு இருக்கறா. நீங்க திருத்துனா அவ எப்பதான் திருத்துவா? இனிமே சீட்டுல இன்னா இருக்குதோ அத்த சமைங்க."

இரண்டு நாளில் அது நடந்தது. வந்தவர்கள் முப்பத்திரண்டு பேர், சீட்டில் இருபத்துமூன்று. நான் கையைக் கட்டிப்போட்டதுபோல இருபத்துமூன்று பேருக்கே அளந்தேன். சோற்றை இழுத்துப் பிடித்துப் பரிமாறிவிடலாம். முட்டையை என்ன செய்வது? சாப்பிடுகிறவர்கள் இருபத்தெட்டுப் பேர், வெந்திருப்பது பத்தொன்பது. வரிசையின் கடைசியில் நின்றவர்கள் தட்டோடு விழித்தார்கள். ஒன்பது முட்டை பத்து நிமிடத்தில் வேகவைத்துவிடுகிறேன் என்று டீச்சரிடம் ஓடினேன்.

"வேணாம் அக்கா. சீட்டுல எத்தன?"

"பத்தொம்பது."

"அப்ப பத்தொம்பதுதான்."

வகுப்பைத் தட்டுகளோடு தரையில் வட்டமாக உட்கார வைத்தார். பத்தொன்பதை இருபத்தெட்டுப் பேருக்குப் பங்கிடச் சொன்னார். மோனிஷாவின் முகம் சிவந்து போயிருந்தது. விக்னேஷ் அவளைப் பார்க்கவில்லை. சரிபார்க்காமலே கையெழுத்துப் போட்டவன் அவன். யாரோ பாதிப் பாதியாக அறுக்கலாம் என்றார்கள். யாருடைய பையிலோ பட்டு நூல் துண்டு இருந்தது. எங்கள் பிள்ளைகள் பையில் அது எப்போதும் இருக்கும். முதல் முட்டையை விக்னேஷ் நூலால் அறுத்தான். முப்பத்தெட்டுப் பாதிகள். ஆளுக்கு ஒன்று போக மீதி பத்து. அதை என்ன செய்வது என்று ஒரே சண்டை. கடைசியில் மோனிஷாதான் ஒன்றாம் வகுப்புக்குக் கொடுத்துவிடலாம் என்று சொன்னாள். அந்த வருடம் வகுப்பில் அவள் சத்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அன்று எனக்கு டீச்சரைப் பிடிக்கவில்லை. பாதி முட்டையோடு போன பிள்ளைகளை நிமிர்ந்து பார்க்காமல் பாத்திரம் தேய்த்தேன். பெரிய சாருக்கும் விஷயம் போய், டீச்சர் நின்றுகொண்டே திட்டு வாங்கினார். வேகாமல் மிச்சமிருந்த ஒன்பது முட்டையை மறுநாள் சேர்த்துப் போடும்படி டீச்சர் என்னிடம் சொன்னார். அதைப் பங்கிடுவதுதான் மறுநாள் மாடிக் கேள்வி.

ஆனால் மறுநாளிலிருந்து மோனிஷா தலையை மூன்று முறை எண்ணினாள். எழுதிவிட்டு விரலை வைத்துப் படித்துப் பார்த்தாள். தவறு உடனே நின்றுவிடவில்லை, குறைந்தது. "வந்தவர்கள்" என்ற சொல்லை எழுதவே அவளுக்கு ஆவணி முடிந்தது. "வாழைப்பழம்" எழுத ஐப்பசி.

தை மாதம் பள்ளியைப் பார்வையிட ஆபீசர் வருவதாகச் சொன்னார்கள்.

எங்கள் பள்ளியில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. படிக்கத் தெரியாத பிள்ளைகளை அன்று லீவு போடச் சொல்வார்கள். அதையும் மீறி வந்துவிட்டால் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். ஆபீசர் கிளம்பும் வரை அவர்கள் வெங்காயம் உரிக்க வேண்டும். வருடா வருடம் நான் அவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுத்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவைப்பேன். அதை இரக்கம் என்றே நினைத்திருந்தேன். நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் ஐந்து பேரை இதேபோல ஆபீசர் வந்த அன்று மைதானத்தில் முள் பொறுக்க அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது பலகையில் ஒரு படம் வரைந்திருந்தது. அது என்ன படம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இது தெரிந்தும்தான் வெல்லம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலை டீச்சர் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, பின்தங்கியிருந்த பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பெரிய சார் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறு பேரை அழைத்துவந்தார். மோனிஷாவும் அதில் இருந்தாள்.

"ஆபீசர் போற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்மா. எனக்கு இன்னும் நாலு மாசந்தான் சர்வீசு. ஒரு குறையும் இல்லாம போயிடணும்" என்றார். அவரும் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

ஆறு பேரும் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். மோனிஷா ஒரு வெங்காயத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஆயாம்மா, இன்னிக்கி சீட்டு யார் எழுதுவாங்க?"

மணி பத்தைத் தாண்டியது. ஐந்தாம் வகுப்பிலிருந்து சீட்டு வரவில்லை. வேறு வழியில்லாமல் நானே கேட்கப் போனேன்.

வகுப்பு வாசலில் டீச்சரும் பெரிய சாரும் நின்றிருந்தார்கள். ஆறு பேரைக் காணோமே என்று டீச்சர் கேட்டிருக்கிறார். லீவு என்று பெரிய சார் சொல்லியிருக்கிறார். நான் போய் நின்றதும் இருவரும் என்னைப் பார்த்தார்கள். பெரிய சார் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. எனக்கு இந்த வேலை போனால் வீட்டில் வேறு வருமானம் இல்லை.

பிள்ளைகளை ஒளித்து வைத்திருக்கிறீர்களா என்று டீச்சர் கேட்டிருந்தால் என் வாய் திறந்திருக்காது. அவருக்கு அது தெரியும். யாருக்கு எந்தக் கேள்வி எட்டும் என்று பார்த்துக் கேட்பதுதானே அவருடைய தொழில்.

"அக்கா, கொட்டகைல எத்தன பேரு இருக்காங்க?"

எண்ணிக்கை என் வேலை. இத்தனை வருடம் தவறாமல் சொல்லி வந்தது.

"என்னையும் சமையக்காரம்மாவையும் சேக்காம ஆறு பேரு டீச்சர்."

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. டீச்சர் தலையாட்டினார். மேசையிலிருந்து இரண்டு சாக்பீஸ் எடுத்துக்கொண்டார். மீதி இருபத்தாறு பேரையும் சிலேட்டோடு எழுந்து வரச் சொன்னார்.

"எங்கம்மா போற?" என்றார் பெரிய சார்.

"கிளாசுக்கு சார்."

எங்கள் கொட்டகையில் இப்போது கேஸ் அடுப்பு. ஆனால் விறகு எரித்த காலத்துக் கரி பின்சுவர் முழுக்க அப்படியே இருக்கிறது. டீச்சர் அந்தச் சுவரில் எழுதினார். வாசல்: இந்தக் கூடையில் எத்தனை வெங்காயம்? கூடம்: முப்பத்திரண்டு பேர் சமமாக உரித்தால் ஆளுக்கு எத்தனை, மீதி எத்தனை? மாடி: இன்று சாம்பாருக்கு ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வெங்காயம் என்று கண்டுபிடிக்க என்னென்ன தெரிய வேண்டும்? முப்பத்திரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள். முப்பத்திரண்டு பேரும் அழுதார்கள். விக்னேஷ்தான் ரொம்ப அழுதான். வீட்டில் அவன் வெங்காயத்தைத் தொட்டதே இல்லையாம். "அழுவுது பாரு எக்ஸ்பிரஸ்ஸு" என்றாள் மோனிஷா. அவனும் சேர்ந்து சிரித்தான்.

ஆபீசர் வகுப்பைத் தேடிக்கொண்டு அங்கே வந்தார். பின்னாலேயே பெரிய சார், முகத்தில் ரத்தமே இல்லாமல்.

"என்னம்மா இது?" என்றார் ஆபீசர். அவர் கண்ணிலும் தண்ணீர் வர ஆரம்பித்திருந்தது.

"அஞ்சாங்கிளாஸ் சார். ஆறு பேரு இங்க இருந்தாங்க. கிளாஸ் பிரிஞ்சிடக் கூடாதுன்னு மீதிப் பேரையும் கூட்டிக்கினு வந்துட்டேன்."

ஆபீசர் பெரிய சாரைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பாடப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். யாரைக் கேட்பது என்று பார்த்து, முன்னால் இருந்த மோனிஷாவிடம் நீட்டினார்.

அவள் குரல் கேட்கட்டும் என்று எனக்கு அடுப்பை அணைத்துவிடலாமா என்றிருந்தது. அவள் எழுந்து பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். முதல் வரி வந்தது. இரண்டாம் வரியில் "நீர்த்தேக்கம்" என்ற இடத்தில் நின்றுவிட்டாள். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. ஆபீசர் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார்.

டீச்சர் திரும்பிக்கொண்டார். என் கரித்துணியை எடுத்து, மேல் மூலையிலிருந்து, ஒன்றும் எழுதாத பக்கத்துச் சுவரைத் துடைக்க ஆரம்பித்தார். ஆபீசர் வாயை மூடிக்கொண்டார். பருப்பு கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. முப்பத்தொரு பிள்ளைகளில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அந்த வகுப்பில் அடுத்தவர் யோசிக்கும்போது யாரும் விடை சொல்ல மாட்டார்கள். டீச்சரின் கை கீழ் மூலைக்கு வருவதற்குச் சற்று முன்னால் மோனிஷா சொன்னாள்.

"நீர்த்... தேக்கம்."

"ம், அடுத்தது" என்றார் டீச்சர், திரும்பாமலே.

அவள் நாலு வரி படித்தாள். பத்தியை முடிக்கவில்லை. அதற்குள் நான் சோற்றை வடித்துவிட்டேன். ஆபீசர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது. அடுப்பு எரியும் இடத்தில் வகுப்பு நடத்தியதற்கு விளக்கம் கேட்டு டீச்சருக்கு ஒரு கடிதம் வந்தது மட்டும் தெரியும். அதன் நகலை நாலாகக் கிழித்து, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது என்று சீட்டு எழுதக் கொடுத்துவிட்டார். அதில் ஒரு துண்டு என் கம்பியில் இருந்தது.

முழுப் பரீட்சை முடிந்த அன்று மோனிஷாவின் அம்மா வந்தார். சொன்ன தவணை முடிந்துவிட்டது. இப்போதாவது எல்லாப் பிள்ளைகளையும் போலப் படிக்கிறாளா என்று கேட்டார். இல்லை என்றார் டீச்சர். ஒரு பொய் சொன்னால் என்ன என்று நினைத்தேன்.

"எல்லா புள்ளைங்களையும் போல படிக்க மாட்டா. ஆனி மாசத்துல படிச்சத விட படிக்கறா" என்றார்.

அந்த அம்மா பெருமூச்சு விட்டார். "அப்படின்னா நான் சொன்னபடி..." என்று ஆரம்பித்தார்.

என்னை யாரும் கேட்கவில்லை. நான் கொட்டகைக்குள் போய்க் கம்பியை ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். பத்து மாதச் சீட்டு. அடியில் வெறும் எண், அதுவும் தலைகீழ். மேலே வர வர எழுத்து. எல்லாவற்றுக்கும் மேலே அன்றைய சீட்டு: இன்று வந்தவர்கள், முட்டை, வாழைப்பழம், அரிசி. அந்த அம்மா எழுத்துக் கூட்டித்தான் படித்தார்.

"இதெல்லாம் இவ எழுதுனதா?"

"அடியில இருக்கறதுல என் கையும் கீதுமா. ஆடி மாசத்துக்கு மேல அவ கை மட்டுந்தான்" என்றேன்.

வேன்காரர் ஹாரன் அடித்தார். அந்த அம்மா கம்பியைத் திருப்பித் தராமல் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தார். மறுபடியும் ஹாரன். "சரி, ஆறாவது போவட்டும். அப்பால பார்க்கலாம்" என்றார். டீச்சர் "ம்" என்றார். அடுத்தது என்று மட்டும் சொல்லவில்லை.

அந்த விடுமுறையில் டீச்சருக்கு மாறுதல் வந்தது. கேட்டு வாங்கினாரா, கொடுத்தார்களா தெரியாது. சொல்லிக்கொள்ள வந்தபோது என்னிடம், "சீட்ட திருத்தாதீங்க அக்கா" என்று மட்டும் சொன்னார். இப்போது எந்த ஊரில் எந்தப் பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாரோ. மோனிஷா பத்தாவதை இரண்டாவது தடவையில் பாஸ் செய்து, இப்போது ஐ.டி.ஐ. படிக்கிறாள். தெருவில் பார்த்தால் நின்று பேசுவாள்.

பள்ளியில் எல்லாம் மாறிவிட்டது. சுவரில் பெரிய டிவி வந்திருக்கிறது. பெரிய சாரும் வேறு. ஆனால் அந்த வழக்கம் மட்டும் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தது. ஆபீசர் வரும் நாளில் புதிய சார் நாலு பிள்ளைகளைக் கொட்டகைக்கு அழைத்து வந்தார். வெங்காயம் உரிக்கக் கொடுங்கம்மா என்றார். நான் தட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"உரிச்சாச்சு சார்."

"பூண்டு?"

"அதுவும் ஆச்சு. இங்க புள்ளைங்களுக்கு வேலை இல்ல சார்."

அவர் தட்டை எட்டிப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டு போனார்.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். நாளைக்கு எங்கள் பள்ளிக்கு ஆபீசர் வருகிறார். இன்று மாலை மூன்று கிலோ வெங்காயத்தையும் உரித்து மூடி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.